அத்தை கல்யாணக் கேசட்டும் விட்டுப்போன 20 நிமிடமும்

கேசட்டைக் கையில் வாங்கியதும் முதலில் கண்ணில் பட்டது பூசணம் இல்லை, இடது பக்கச் சக்கரம். மேலே இருக்கும் ஜன்னல் வழியாகப் பார்த்தால் அதில் அரை சென்டிமீட்டர் கனத்துக்கு டேப் மிச்சம் இருந்தது. கடைசிவரை ஓடி முடிந்த கேசட் என்றால் இடது பக்கம் வெறுமையாக இருக்க வேண்டும், ரீவைண்ட் செய்து வைத்தது என்றால் மொத்த டேப்பும் இடது பக்கம் இருக்க வேண்டும். இது இரண்டும் இல்லை. யாரோ கடைசிக்குக் கொஞ்சம் முன்னால் நிறுத்தி, அப்படியே வெளியே எடுத்துக் கொடுத்திருக்கிறார்கள்.

அத்தைக்கு 1990இல் மாயவரத்தில் கல்யாணம். எனக்கு அப்போது ஆறு வயது. வீடியோ எடுத்தவர் கேமராவைத் தோளில் தூக்கிக்கொண்டு முன்னால் நடக்க, ஒரு பையன் பெரிய லைட்டைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே ஒயரை இழுத்துக்கொண்டு வந்தது மட்டும் நினைவில் இருக்கிறது. ஒரு மாதம் கழித்து ஸ்டுடியோவிலிருந்து கேசட் வந்தது. மூன்று மணி நேரம் ஓடும் இ-180 கேசட், அட்டைப்பெட்டியின் மேல் மாலையும் கழுத்துமாக அத்தையும் மாமாவும் நிற்கும் போட்டோ ஒட்டியிருக்கும். அந்தப் போட்டோவுக்காகத்தான் அத்தை அந்தப் பெட்டியை இத்தனை வருடம் தூக்கிப் போடாமல் வைத்திருந்தார், உள்ளே இருந்த கேசட்டுக்காக இல்லை. ஏனென்றால் அவரைப் பொறுத்தவரை அந்தக் கேசட்டின் வேலை 2005இலேயே முடிந்துவிட்டது. அந்த வருடம் ஊரில் ஒரு கடையில் கொடுத்து வி.சி.டி.யாக மாற்றி வாங்கிவிட்டார்கள், இரண்டு டிஸ்க்.

இங்கேதான் கணக்கு உதைக்கிறது. 700 எம்.பி. சி.டி. ஒன்றில் வி.சி.டி. முறையில் 80 நிமிடம் கொள்ளும். இரண்டு டிஸ்க் என்றால் 160. கேசட் 180. மிச்சம் 20 நிமிடம் எங்கே? வி.எச்.எஸ். என்கிற இந்த வகை வீடியோ கேசட்டின் டேப், நம் ஊர் டி.வி.க்கான பால் (PAL) முறையில் நொடிக்கு 23 மில்லிமீட்டருக்குச் சற்று மேலே நகரும். 20 நிமிடத்துக்குக் கிட்டத்தட்ட 28 மீட்டர். அந்த 28 மீட்டரைச் சக்கரத்தின் அச்சில் சுற்றினால் அரை சென்டிமீட்டருக்குச் சற்று அதிகமான கனம் வரும். அப்போது எனக்கு உறுதியாகிவிட்டது. மூன்றாவது டிஸ்க் போடச் சோம்பலோ, செலவு என்று நினைத்தார்களோ தெரியாது, கடைக்காரர் இரண்டாவது டிஸ்க் நிரம்பியதும் கேசட்டை ஓட்டும் டெக்கை நிறுத்திவிட்டார். 18 வருடமாக வீட்டில் யாருக்கும் அது தெரியாது. வி.சி.டி. ரிசப்ஷனோடு முடியும், எல்லாரும் கல்யாணக் கேசட்டே அவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டார்கள்.

மாமாவுக்கு 2023இல் அறுபது. மணிவிழாவில் போட்டுக் காட்ட வி.சி.டி.யை எடுத்தபோது முதல் டிஸ்க் ஓடவே இல்லை. சி.டி.யில் தகவல் தாங்கும் அடுக்கு லேபிள் பக்கத்துக்கு நேர் கீழே, மெல்லிய பூச்சு ஒன்றின் பாதுகாப்பில் மட்டும் இருக்கிறது. அந்தப் பக்கம் யாரோ பால் பாயிண்ட் பேனாவால் அழுத்தி 'கல்யாணம் - 1' என்று எழுதியிருந்தார்கள், எழுத்து இருந்த இடத்திலேயே வெள்ளிப் பூச்சு உரிந்து வெளிச்சம் தெரிந்தது. இரண்டாவது ஓடியது, ஆனால் பெரிய டி.வி.யில் பார்க்கச் சகிக்கவில்லை. அத்தை போன் செய்து, "உனக்குத்தான் இதெல்லாம் தெரியுமே, ஏதாவது பண்ண முடியுமா பாரு கண்ணு" என்றார். கேசட் இருக்கிறதா என்று கேட்டேன். "பெட்டி இருக்கு, உள்ள இருக்கான்னு பாக்கணும்" என்றார்.

இருந்தது.

டெக்

மாயவரம் வீட்டில் எங்களுக்குச் சொந்த டெக் கிடையாது. டி.வி.யும் டெக்கும் ஒரு ராத்திரிக்கு வாடகைக்கு வரும், விடியும்வரை மூன்று படம் பார்த்துவிட்டுக் காலையில் திருப்பிக் கொடுப்போம். இப்போது வாடகைக்குக் கொடுக்கவும் ஆள் இல்லை, புதிதாகச் செய்யவும் ஆள் இல்லை. 1976இல் ஜே.வி.சி. கொண்டுவந்த இந்த முறைக்குக் கடைசிவரை டெக் தயாரித்துக்கொண்டிருந்த ஜப்பானின் ஃபுனாய் நிறுவனம் 2016 ஜூலையில் கையை விரித்துவிட்டது. அதற்குப் பிறகு கிடைப்பதெல்லாம் பழையதுதான்.

நான் சென்னை ரிச்சி தெருவில் இரண்டு சனிக்கிழமை அலைந்து ஒன்று வாங்கினேன். கடையில் பார்க்கும்போது லைட் எரிந்தது, கேசட்டை உள்ளே இழுத்தது, படமும் வந்தது. வீட்டுக்கு வந்து மூடியைக் கழற்றிப் பார்த்தால் உள்ளே ரப்பர் பெல்ட் தார் மாதிரி இளகிப் போயிருந்தது, டேப்பை அழுத்தி நகர்த்தும் ரப்பர் உருளை, பின்ச் ரோலர், கண்ணாடி மாதிரி வழவழவென்று இறுகியிருந்தது. இரண்டையும் மாற்றினேன். டேப்பில் இருக்கும் படத்தைப் படிக்கும் குட்டி ஹெட்டுகள் பொருத்திய உருளையான ஹெட் டிரம்மை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் நனைத்த தாளால் துடைத்தேன். தாளை அசையாமல் பிடித்துக்கொண்டு டிரம்மைத்தான் கையால் சுற்ற வேண்டும், மேலும் கீழுமாகத் தேய்த்தால் அந்தக் குட்டி ஹெட் ஒடிந்துவிடும், பஞ்சு குச்சி கூடவே கூடாது, நூல் மாட்டிக்கொள்ளும். அந்த டிரம் பால் முறையில் நிமிடத்துக்கு 1500 சுற்று சுற்றுகிறது. அதன்மேல் அழுக்கு டேப் போனால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் முக்கியமான ஒன்று. பழுது பார்த்த டெக்கில் முதலில் போட்டது அத்தை கேசட் இல்லை. பழைய கடையில் சும்மா கிடைத்த ஒரு சினிமா கேசட்டைப் போட்டு, ஓட்டி, நிறுத்தி, ரீவைண்ட் செய்து, வெளியே எடுத்து, டேப்பின் ஓரம் மடங்கியிருக்கிறதா என்று பார்த்து, இதையே நான்கு நாள் செய்தேன். உங்களிடம் டெக் இருந்து, 'இன்னும் ஓடுதான்னு பாப்போம்' என்று கல்யாணக் கேசட்டைத் தூக்கிப் போட நினைத்தால் தயவுசெய்து வேண்டாம். டேப்பை டெக் மென்று துப்பினால் துப்பியதுதான்.

பூசணம்

ஜன்னல் வழியாகப் பார்த்தால் கறுப்பு டேப் அடுக்கின்மேல் வெள்ளையாக, கோலமாவு கொட்டிவிட்டு ஊதிய மாதிரி. மூக்கில் பழைய புத்தக வாசனை. காற்றில் ஈரம் அதிகமுள்ள ஊரில் பீரோவுக்கு அடியில் 18 வருடம் கிடந்தால் வேறென்ன ஆகும்.

இந்த நிலையில் டெக்கில் போட்டால் இரண்டு கெடுதல். வித்துக்கள் டெக் முழுக்கப் பரவி அடுத்து போடும் கேசட்டுக்கும் ஒட்டும். டேப்பின் சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தால் இழுக்கும் வேகத்தில் கிழியும். அதனால் முதலில் ஒரு மூடிய டப்பாவில் சிலிக்கா ஜெல் பைகளோடு கேசட்டைப் பத்து நாள் வைத்தேன். ஈரம் வற்றினால் பூசணம் பொடியாகிவிடும், ஈரமாக இருக்கும்போது துடைத்தால் இழுசும்.

பதினோராவது நாள் மொட்டை மாடியில், முகக்கவசம் போட்டுக்கொண்டு, கேசட்டைக் கவிழ்த்து ஐந்து திருகையும் கழற்றினேன். மேல் ஓட்டைத் தூக்குவதற்கு முன்னும் தூக்கிய பின்னும் போனில் படம் எடுத்துக்கொண்டேன், ஏனென்றால் உள்ளே குட்டி உருளை, ஸ்பிரிங், பிரேக் என்று இருக்கும் எதுவும் ஒரு முறை தெறித்துவிட்டால் எங்கே இருந்தது என்று ஞாபகம் வராது. சக்கரம் இரண்டையும் வெளியே எடுத்து, அடுக்கின் பக்கவாட்டை மெல்லிய பிரஷ்ஷால் தட்டினேன். வெள்ளைப் பொடி பறந்தது. அதன் பிறகுதான் உண்மையான வேலை. மொத்த நீளம் 250 மீட்டருக்கு மேல். அதை ஒரு சக்கரத்திலிருந்து இன்னொன்றுக்குக் கையால் சுற்ற வேண்டும், நடுவில் நூல் பிரியாத துணி இரண்டு, ஒன்று ஆல்கஹாலில் லேசாக நனைத்தது, இன்னொன்று உலர்ந்தது. விரலால் டேப்பைத் தொடக்கூடாது. துணி பழுப்பானதும் மாற்ற வேண்டும். இரண்டு சாயங்காலம் ஆனது, கடைசியில் 31 துணித் துண்டு சேர்ந்தது.

இந்த இடத்தில் வி.எச்.எஸ். டேப்பின் அமைப்பைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும், பின்னால் வரும் கதைக்குத் தேவை. டேப்பின் அகலம் அரை அங்குலம். நடுவில் படம், சாய்வான கோடுகளாக. மேல் விளிம்பில் ஒரு மெல்லிய பட்டையில் ஒலி. கீழ் விளிம்பில் கண்ட்ரோல் டிராக், டெக் எந்த நேரத்தில் எந்தக் கோட்டைப் படிக்க வேண்டும் என்று அதுதான் சொல்கிறது. பூசணம் அடுக்கின் பக்கவாட்டில்தான் பிடிக்கும், அதாவது டேப்பின் இரண்டு விளிம்பிலும். ஆக அது முதலில் தின்பது ஒலியை.

1990 கல்யாணக் கேசட்டில் ஒலிக்கு என்ன மரியாதை என்று கேட்கலாம். நியாயம்தான். பிள்ளையார் படத்தில் ஆரம்பித்து, ஹார்ட்டின் வடிவத்துக்குள் மாப்பிள்ளை, பூ விரிந்தால் பெண், அதன் பிறகு முகூர்த்தம் முழுக்க சினிமாப் பாட்டு. ஸ்டுடியோவில் மிக்ஸிங் செய்யும்போது அசல் சத்தத்தை எடுத்துவிட்டுப் பாட்டைப் போட்டுவிடுவார்கள். அத்தை கேசட்டிலும் அப்படித்தான். கெட்டிமேளம் கூடக் கிடையாது. 160 நிமிடம், மண்டபம் நிறையச் சொந்தக்காரர்கள், ஒரு ஆள் பேசுவது கேட்காது. தாத்தா வாயைத் திறந்து யாரையோ கூப்பிடுகிறார், பாட்டுதான் கேட்கிறது.

ஏற்றியது

டெக்கிலிருந்து நேராக, டேப் படத்தை டிஜிட்டலாக மாற்றும் யு.எஸ்.பி. கேப்சர் கருவிக்கு, அங்கிருந்து லேப்டாப்புக்கு. முதல் முயற்சி இப்படித்தான், எல்லாரும் செய்வது போல. படத்தின் மேல் ஓரம் காற்றில் கொடி மாதிரி ஒரு பக்கம் வளைந்து ஆடியது. அதை விடப் பெரிய பிரச்சினை, இரண்டு மணி நேரம் தாண்டியதும் தவில்காரர் கை ஒரு பக்கம், பாட்டின் தாளம் ஒரு பக்கம். டேப் ஒரு இயந்திரம் இழுக்கும் பொருள், படத்தின் ஒவ்வொரு வரியும் அச்சடித்த மாதிரி ஒரே நேர இடைவெளியில் வராது, நொண்டி நொண்டி வரும். பழைய டி.வி. பொறுத்துக்கொள்ளும், டிஜிட்டல் கருவி பொறுக்காது, புரியாத ஃபிரேமை விட்டுவிடும். விட்ட ஃபிரேம்கள் சேரச் சேர ஒலியும் படமும் விலகிக்கொண்டே போகும்.

இதற்குத் தீர்வு டைம் பேஸ் கரெக்டர் என்ற கருவி. தனியாக வாங்கினால் விலை கட்டுப்படியாகாது. ஆனால் பானசோனிக்கின் பழைய டி.வி.டி. ரெக்கார்டர் சிலவற்றில், டி.எம்.ஆர்.-இ.எஸ்.10, இ.எஸ்.15 மாதிரியானவற்றில், உள்ளே வரும் படத்தை நேராக்கி வெளியே அனுப்பும் திறமை இருக்கிறது. அதில் பதிவு செய்ய வேண்டியதில்லை, நடுவில் வைத்து ஒயரை அதன் வழியாகக் கொண்டுபோனால் போதும். நண்பர் ஒருவர் பரணில் ஒன்று கிடந்தது. நடுவில் வைத்ததும் கொடி ஆட்டம் நின்றது, மூன்று மணி நேரமும் ஒரு ஃபிரேம் விடவில்லை.

720க்கு 576, நொடிக்கு 25 ஃபிரேம், ஹஃப்ஒய்.யு.வி. என்ற இழப்பில்லாத முறையில் ஏற்றினேன். கிட்டத்தட்ட 100 ஜி.பி. கேட்கவே பயமாக இருக்கும், ஆனால் ஹார்டு டிஸ்க் விலையைப் பார்த்தால் ஒரு கல்யாணத்துக்கு அது ஒன்றும் அதிகமில்லை. இந்த 100 ஜி.பி. ஃபைலில் நான் எதையும் தொடவில்லை. நிறம் திருத்தவில்லை, படத்தின் அடியில் ஓடும் அந்தக் கலங்கல் கோட்டைக் கூட வெட்டவில்லை. திருத்தம் எல்லாம் நகலில்தான். இன்றைக்கு எனக்கு நன்றாகத் தெரிவது பத்து வருடம் கழித்து நன்றாகத் தெரியாமல் போகலாம், அப்போது இந்த ஃபைல் வேண்டும்.

வி.சி.டி.யோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். வி.சி.டி. 352க்கு 288. வி.எச்.எஸ். படம் நொடிக்கு 50 அரைப்படங்களாக வருகிறது, வி.சி.டி. அதில் பாதியைத் தூக்கிப் போட்டுவிடும். அத்தை புடவைக் கரை வி.சி.டி.யில் ஒரு மஞ்சள் இழுவை. இங்கே அது அரக்குப் புடவையில் ஜரிகைக் கரை என்று தெரிந்தது, நாகஸ்வரக்காரர் விரல் துளையில் ஏறி இறங்குவது தெரிந்தது. அதே கேசட், அதே டேப், நடுவில் 18 வருடப் பூசணம், ஆனாலும்.

கடைசி 28 மீட்டர்

கடைக்காரர் நிறுத்திய இடம் டேப்பில் அப்படியே பதிந்திருந்தது. கேசட்டின் முன்பக்கத் திறப்பில் டேப் நீட்டிக்கொண்டு நிற்கும் அந்தச் சில அங்குலம் 18 வருடமும் அங்கேயே நின்று சுருக்கம் விழுந்து, பூசணமும் அதிகம். ஓடும்போது அந்த இடத்தில் திரை முழுக்க வெள்ளைக் கோடு, ஒரு நொடி ஒன்றும் இல்லை.

அப்புறம் மாயவரம் வீட்டுக் கூடம்.

மறுவீட்டு விருந்து. கல்யாணத்துக்கு அடுத்த நாள். ஸ்டுடியோக்காரர் ரிசப்ஷன்வரை மிக்ஸிங் செய்துவிட்டு, கேசட்டில் மிச்சம் இடம் இருக்கிறதே என்று இதை எடுத்தது எடுத்தபடி கடைசியில் சேர்த்திருக்க வேண்டும். பாட்டு இல்லை. ஹார்ட்டும் பூவும் இல்லை. முதலில் கேட்டது கொல்லையில் கிணற்று ராட்டினம் கிறீச் கிறீச் என்று. யாரோ பாத்திரத்தை இழுத்து வைக்கும் சத்தம். அதன் மேல், கேமராவுக்குப் பக்கத்திலிருந்து, பாட்டி.

"அந்த வெளக்கத் தள்ளிப் புடிப்பா, மாப்பிள்ளைக்குக் கண்ணு கூசுது பாரு."

பாட்டி இறந்து 26 வருடம் ஆகியிருந்தது. பாட்டி முகம் போட்டோவில் இருக்கிறது, குரல் எங்கேயும் இல்லை என்றுதான் நாங்கள் எல்லாரும் நினைத்திருந்தோம். நான் நிறுத்தவில்லை, நிறுத்தினால் அந்தச் சுருக்கத்துக்குப் பக்கத்தில் மறுபடி டேப்பை இழுக்க வேண்டி வரும் என்ற பயம், கையைக் கட்டிக்கொண்டு 20 நிமிடமும் உட்கார்ந்திருந்தேன். பந்தி நடக்கிறது. பாட்டி யாரையோ ரசம் கொண்டுவரச் சொல்கிறார், இலையில் உப்பு வைக்கவில்லை என்று சித்தியைக் கடிந்துகொள்கிறார், தாத்தா "நீ சும்மா இரேன், அவங்க பாத்துப்பாங்க" என்கிறார். திரையில் ஒரு சின்னப் பையன் குறுக்கே ஓடுகிறான், அது நான்தான்.

ஒலி மங்கல்தான். மேல் விளிம்பு அரித்ததால் இரண்டு இடத்தில் குரல் தேய்ந்து அமுங்கி, திரும்ப எழும்புகிறது. நடு நடுவே மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் இரைச்சல். டிஸ்க் நகலுக்காக இரைச்சல் நீக்கும் மென்பொருளில் கொடுத்தேன், பேச்சு பளிச்சென்று வந்தது, ஆனால் ராட்டினச் சத்தத்தைக் காணோம். அதையும் இரைச்சல் என்று நினைத்துத் தின்றுவிட்டது. அந்தக் கிணறும் இப்போது இல்லை, வீடும் இல்லை. மென்பொருளை விட்டுவிட்டு 50 ஹெர்ட்ஸை மட்டும் கையால் இறக்கினேன், மற்றதெல்லாம் இருந்தபடியே இருக்கட்டும் என்று.

டிஸ்க்

மூன்று மணி நேரத்தையும் ஒரே 4.7 ஜி.பி. டி.வி.டி.யில் போட முடியும், ஆனால் நொடிக்குக் கிடைப்பது 3.5 மெகாபிட்டுக்கும் குறைவு. பழைய டேப்பில் படம் முழுக்கப் புள்ளிகள் துடித்துக்கொண்டே இருக்கும், அந்தத் துடிப்பே பாதிக்கு மேல் இடத்தைச் சாப்பிட்டுவிடும், முகத்துக்கு மிஞ்சாது, கட்டம் கட்டமாக உடையும். அதனால் இரண்டு டிஸ்க், ஒவ்வொன்றிலும் 90 நிமிடம். டி.வி.டி. 50 அரைப்படங்களையும் அப்படியே தாங்கும், அதனால் நகரும் கை, ஆடும் விளக்கு எல்லாம் டேப்பில் இருந்த வழவழப்போடு வந்தது. மறுவீட்டை மட்டும் மூன்றாவதாகத் தனி டிஸ்க்கில் போட்டேன். லேபிள் ஸ்டிக்கர் ஒட்டவில்லை, நடுவளையத்தில் மார்க்கரால் எழுதினேன், ஒவ்வொன்றையும் எரித்த பிறகு முழுக்கப் படித்துச் சரிபார்த்தேன்.

அத்தை வீட்டுக்கு ஒரு செட், சித்தி வீட்டுக்கு ஒன்று, அமெரிக்காவில் இருக்கும் அத்தை பையனுக்கு ஃபைலாக. அவன் சொந்தக்காரர்கள் மட்டும் பார்க்க யூடியூபில் ஏற்றினான், பாட்டுக்கு உரிமை கோரி முதல் இரண்டு பகுதியும் முடங்கியது. மறுவீடு மட்டும் தங்கியது, அதில்தான் பாட்டே இல்லையே. மூல ஃபைல் இரண்டு ஹார்டு டிஸ்கில், ஒன்று என்னிடம், ஒன்று தம்பியிடம் கோயம்புத்தூரில். டிஸ்க் பார்ப்பதற்கு. அதை நம்பி மட்டும் நான் எதையும் விட மாட்டேன், வீட்டில் பொதுவாக எரிக்கும் டிஸ்க்கில் தகவல் சாயத்தில்தான் இருக்கிறது, சாயம் வெளுக்கும்.

மணிவிழாவுக்கு முந்தின நாள் ராத்திரி மூன்றாவது டிஸ்க்கை அத்தையிடம் போட்டுக் காட்டினேன். முன்கூட்டியே சொல்லிவிட்டேன், திடீரென்று கேட்டால் தாங்க மாட்டார் என்று. பாட்டி குரல் வந்ததும் அத்தை திரையைப் பார்க்கவில்லை, தலையைக் குனிந்துகொண்டு கேட்டார். முடிந்ததும் மறுபடி போடச் சொன்னார். மூன்றாவது முறை ஓடும்போதுதான் திரையைப் பார்த்து, "அது ரசம் இல்லடா, மோர்க்குழம்பு. அம்மா ரசம்னுதான் சொல்றா, ஆனா கொண்டு வர்றது மோர்க்குழம்பு, நல்லாப் பாரு" என்றார். பார்த்தேன். மோர்க்குழம்புதான்.

முகூர்த்தத்தின் அசல் சத்தம் எங்கேயாவது இருக்குமா என்று அந்த ஸ்டுடியோவைத் தேடிப் போனேன். பெயர்ப் பலகை மாறியிருந்தது, பெரியவரின் மகன் இருந்தார், நன்றாகப் பேசினார். மிக்ஸிங் முடிந்ததும் மூலக் கேசட்டின் மேலேயே அடுத்த கல்யாணத்தை எடுப்பார்களாம், அந்தக் காலத்துக் கேசட் விலைக்கு வேறு வழி இல்லையாம். ஆக கெட்டிமேளம் போனது போனதுதான்.

கேசட்டைக் கடைசிவரை ஓடவிட்டு, முழுக்க ரீவைண்ட் செய்து, புது சிலிக்கா ஜெல் பையோடு, புத்தகம் மாதிரி நிமிர்த்தி வைத்துக் கொடுத்திருக்கிறேன், அந்தப் போட்டோ ஒட்டிய பெட்டிக்குள்ளேயே. இப்போது சித்தி தன் பெண்ணின் காதுகுத்துக் கேசட்டை அனுப்பியிருக்கிறார், அதையும் அதே கடையில்தான் மாற்றினார்களாம், ஒரே ஒரு டிஸ்க். பெட்டியைத் திறந்ததும் ஜன்னலைத்தான் பார்த்தேன். இடது பக்கம் நிறைய இருக்கிறது.